கோபப் பாய்

குழந்தைகளின் மனசைப் பற்றிய மூன்று நாள் பயிற்சியை முடித்து, மதுரையிலிருந்து போடிக்குப் பஸ்சில் திரும்பும்போதே நான் மனித மனத்தைக் கரைத்துக் குடித்திருந்தேன். ஜன்னலை மூடச் சொல்லி முன்சீட்டுக்காரரிடம் சண்டை போட்ட ஒரு அம்மாவுக்குச் சின்ன வயதில் ஏதோ ஏக்கம் இருந்திருக்க வேண்டும் என்று உசிலம்பட்டி தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

மறுநாளே என் மூன்றாம் வகுப்பின் மூலையில் ஒரு கோரைப்பாய் விரித்தேன். கோபம் வந்தால் பக்கத்துப் பிள்ளையை அடிக்கக் கூடாது. பாயில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மூச்சை மெதுவாக இழுத்து விட வேண்டும். தணிந்ததும் எழுந்து வரலாம். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு வழக்கம்போல அடித்துக்கொண்டார்கள்.

ஒரே ஒரு பெண்பிள்ளை மட்டும் தினமும் போய் உட்கார்ந்தாள். ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகும் தாயின் மகள். இரட்டைச் சடை இழுத்துப் பின்னியிருக்கும். காலை வணக்கம் முடிந்த கையோடு பாய்க்குப் போய்விடுவாள். அவள் தோள்கள் சீராக ஏறி இறங்கும். நான் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சி! எனக்குப் புல்லரித்தது.

இவ்வளவு சாதுவான பிள்ளைக்கு இவ்வளவு கோபமா? பயிற்சியில் கற்ற மெல்லிய குரலில், யார் மேல் கோபம் என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்து, பூனை மேல் என்றாள். பூனை எனக்குப் போதவில்லை. மறுநாளும் கேட்டேன்.

"ஜீப்பு மேல, டீச்சர்."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. விடியுமுன்னே அவள் தாயை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுத் தோட்டத்துக்குப் போவது ஜீப்பு. பிள்ளை தாயைப் பிரிக்கும் வண்டியை வெறுக்கிறாள்! மத்தியானச் சாப்பாட்டில் இதை மற்ற ஆசிரியைகளுக்கு விளக்கும்போது என் குரல் தழுதழுத்தது. ஒருவர் ரசத்தை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார்.

தலைமையாசிரியை மட்டும் நேரில் பார்க்க வந்தார். பள்ளிக்கூட மணியைவிடக் கனத்த குரல் அவருக்கு. நான் அவரைப் பாயருகே கூட்டிப்போய், அந்த மூச்சைக் கவனிக்கச் சொன்னேன். கவனித்தோம். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறட்டையானது. வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியை என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அது அவருடைய கருணை.

பிள்ளை திடுக்கிட்டு எழுந்தாள். கன்னத்தில் எச்சில் கோடு. பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தேன், இந்த முறை என் சொந்தக் குரலில். ஜீப்பு ஏறுவதற்கு முன் சடை பின்னிவிட வேண்டுமென்று அம்மா நாலு மணிக்கே எழுப்பிவிடுவாளாம். அதற்கப்புறம் படுத்தால் சடை கலைந்துவிடுமென்று இவள் உட்கார்ந்தே இருப்பாளாம்.

"அப்ப ஜீப்பு மேல கோவம்னு ஏம்மா சொன்ன?"

"நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க டீச்சர். ஒண்ணுமில்லன்னு சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல. பாவமா இருந்துச்சு."

அடுத்தவர் மனநிலையை உணர்ந்து நடப்பது என்ற பாடத்தைத்தான் நான் அடுத்த வாரம் நடத்துவதாக இருந்தேன். நடத்தவில்லை.

அதற்குப் பதிலாக, காலையில் முதல் அரைமணி நேரம் தூங்க வேண்டியவர்கள் தூங்கலாம் என்று சொல்லிப்பார்த்தேன். தோட்டத்துக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் இன்னும் சிலர் வந்து படுத்தார்கள். பாய் போதாமல் வீட்டிலிருந்து இரண்டு கொண்டுவந்தேன். மற்றவர்கள் சத்தமில்லாமல் படம் வரைந்தார்கள். எழுந்ததும் கலைந்த சடைகளைப் பின்னிவிடுவது என் சோலி. என் பின்னல் கோணல் என்று தாய்மார்களிடமிருந்து புகார் வந்தது.

ஒருநாள் அந்த அரைமணி நேரத்தில் தலைமையாசிரியை ஏதோ சொல்ல வாயைத் திறந்தபடி வாசலில் வந்து நின்றார். நான் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவரிடம் அப்படிச் செய்யும் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வராந்தாவில் மெல்ல நடந்து போனார்.