டுருசில்லா தனியாக இருந்த வீடு

என் அண்ணி டெல்ஃபா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நெப்ராஸ்காவில் எங்கள் பக்கத்துப் புழுதிச் சாலைகளில் எந்தத் திருப்பத்தில் எந்த நாய் பாயும் என்பதுகூட அவளுக்கு அத்துப்படி. மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு காலிப் பேருந்தை என் வாசலில் நிறுத்தி, ஹாரனை அழுத்து அழுத்தென்று அழுத்தினாள்.

"ரோவீனா, மண்வெட்டிய எடுத்துட்டு வாடி. வெண்டல் சித்தப்பா மேய்ச்சக் காட்டுல லைலாக் பூத்திருக்கு."

எனக்கும் உடம்பு சிலிர்த்துவிட்டது. லைலாக் என்கிற அந்த ஊதாப் பூச்செடி எங்கள் புல்வெளியில் தானாக முளைக்காது. வண்டி கட்டிக்கொண்டு வந்து குடியேறியவர்கள் வீட்டோரம் நட்ட செடி அது. மண்வீடு கரைந்து போனாலும் செடி நின்று பூக்கும்.

அவள் தேடியது டுருசில்லாவின் வீட்டை. டுருசில்லா, என் அண்ணியின் அப்பா மெரிட்டுக்குக் கொள்ளுப்பாட்டி. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு மகன் ஏசாவோடும் ஒரு மகளோடும் இங்கே வந்தவள். அரசாங்கம் இலவசமாக நிலம் கொடுத்த காலம் அது. அவரவர் நிலத்தில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தாயும் மகனும் அடுத்தடுத்த நிலங்களை வாங்கினார்கள். பெற்ற தாயை ஏசா துரத்திவிட்டான், அவள் தனிக் குடிசையில் கிடந்து அநாதையாகச் செத்தாள் என்பது குடும்பக் கதை. கதையைப் பரப்பியது மகள் வழியில் வந்த வெண்டல் கூட்டம். கோடைக்குக் கோடை குடும்பமெல்லாம் கூடும்போது அந்த மனுஷன் இதைச் சொல்லிச் சிரிப்பான். ஏசாவின் பேரனான மெரிட் மாமா மானம் போய், கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அந்தத் தாயும் மகனும் அவரவர் நிலத்து வீட்டில் குடியிருப்பதாக அரசாங்கத்திடம் சத்தியம் செய்திருந்ததால் மறுக்கவும் வழியில்லை.

"ரெண்டு வீட்டுக்கும் கூப்பிடு தூரம்தான்னு காட்டிட்டாக்கூடப் போதும்டி. அப்பாவுக்கு வயசாயிடுச்சு" என்றாள் அண்ணி.

வெண்டலிடம் அனுமதி கேட்டோம். தாராளமாகத் தோண்டிக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை குடும்பக் கூட்டம், திங்கட்கிழமை உழவு என்று சொல்லிவிட்டு இளித்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மண்வெட்டியை அவன் தலையில் போட்டிருப்பேன்.

சனிக்கிழமை காலையில் லைலாக் செடியருகே தோண்ட ஆரம்பித்தோம். கரிய மண், உடைந்த பீங்கான், மருந்து பாட்டில். அண்ணி ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "டுருசில்லா சமையக்கட்டுடி இது" என்று கண் கலங்கினாள். குழி ஆளுயரத்துக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மண்வீட்டுக்கு ஏது இவ்வளவு ஆழம்? மறைப்புக்காகக் கக்கூஸ் ஓரத்திலும் லைலாக் நடுவார்களே!

"அண்ணி, பீங்கானக் கீழ போடு. நாம நிக்கறது கக்கூஸ் குழியில."

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அப்புறம் இரண்டு பேரும் குழிக்குள்ளேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும் அவளே எழுந்தாள். கக்கூஸ் இங்கே என்றால் வீடு எத்தனை தூரம் போய்விடும் என்று நாலா பக்கமும் புல்லைக் காலால் தடவிக்கொண்டே நடந்தாள். வேலிப் பக்கம் மண் மேடு தட்டியது. கரைந்த சுவரின் அடி. அதைப் பிடித்துக்கொண்டே போனோம். அது வேலிக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போயிற்று.

வேலிக்கு இந்தப் பக்கம் டுருசில்லாவின் நிலம், இப்போது வெண்டலுடையது. அந்தப் பக்கம் ஏசாவின் நிலம், இப்போது மெரிட் மாமாவுடையது. அண்ணி முள்கம்பியைத் தாண்டிக் குதித்ததில் கால்சட்டை கிழிந்தது. அந்தப் பக்கமும் சுவர் திரும்பி வந்து மூடிக்கொண்டது. ஒரே அறை. அவள் பேருந்து நீளம்கூட இல்லை. நடுவில், சரியாகக் கம்பிக்கு நேர் கீழே, சாம்பலும் அடுப்பின் இரும்புக் கதவும்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. எல்லையின் மேல் ஒரே வீட்டைக் கட்டி, கட்டிலை மட்டும் அவரவர் நிலத்தில் போட்டுக்கொண்டால் சத்தியமும் பொய்யாகாது, நிலமும் இரண்டு பங்கு கிடைக்கும். அந்தக் காலத்தில் இங்கே பலரும் செய்த தந்திரம்தான். எங்கள் மரமண்டைக்குத்தான் எட்டவில்லை.

அண்ணி பறந்துபோய் அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். டிராக்டரை நிறுத்திவிட்டு வெண்டலும் வந்து நின்றான். மெரிட் மாமா கைத்தடியால் சுவரை ஒரு சுற்று தொட்டுப் பார்த்தார். அடுப்பருகே வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப தாத்தா துரத்தல" என்றார்.

"இல்லப்பா. கட்டில்லேருந்து கைய நீட்டினா அம்மா."

மாமா வாய்விட்டு அழுதார். வெண்டல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"அண்ணே, நாளைக்குக் கூட்டத்துக்கு வாங்க. எல்லார்கிட்டயும் நீங்களே சொல்லுங்க."

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"வரேன். ஆனா நான் சொல்ல மாட்டேன். இத்தன வருஷமா சொன்னது நீ. நாளைக்கும் நீயே சொல்லு."