யானைக்கு நேரம் போடாத பக்கம்

என் பழைய டைரியில் ஒரு பக்கம் மேலிருந்து கீழ்வரை நேரங்களால் நிரம்பியிருக்கிறது. 4.30 நீலசந்திரா வீட்டிலிருந்து புறப்பாடு. 7.00 – 7.30 மண்டியாவில் இட்லி. 8.45 மைசூர், ஆக்சிஜன் சிலிண்டர் மாற்ற வேண்டும். 11.00 பந்திப்பூர், சஃபாரி கவுண்டர், மூவரின் அசல் அடையாள அட்டைகள். எல்லாம் என் கையெழுத்து. கடைசி வரி மட்டும் மாமாவின் கோணல் எழுத்தில், 'யானை' என்று இருக்கும். அதற்கு எதிரே ஒன்றும் இல்லை.

மாமா என் அக்காவின் கணவர். பீன்யாவில் ஒரு வார்ப்பட ஆலையில், வார்த்தெடுத்த இரும்பைத் தேய்க்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடம் நின்றவர். அந்தத் தூசி நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில், கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்குவார். காட்டை அவர் பார்த்ததே இல்லை. சரக்கு ஏற்ற வரும் லாரிக்காரர்கள் பந்திப்பூர்ச் சாலையில் யானை வழிமறித்த கதைகளை ஆலை வாசலில் சொல்வார்கள்; கேட்டதோடு சரி. படுக்கையில் விழுந்தபின் அவர் ஆசைப்பட்டுக் கேட்டது அந்தக் காட்டைப் பார்ப்பது ஒன்றைத்தான்.

நான் திட்டம் போட உட்கார்ந்தேன். ஒரு சிலிண்டர் எத்தனை மணி நேரம் வரும், காட்டுச் சாலையை இரவில் எப்போது மூடுவார்கள், சஃபாரி வண்டியில் படி எவ்வளவு உயரம் என்று ஒவ்வொன்றாக விசாரித்து எழுதினேன். மாமா எட்டிப் பார்த்தார்.

"ஏன்டா மச்சான், எல்லாத்துக்கும் டைம் போட்டியே, யானை எத்தன மணிக்கு வரும்? அதுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுடேன்."

சிரிப்பு இருமலாக மாறியது. அது அடங்கியபின் என் பேனாவை வாங்கித்தான் அந்த வரியை எழுதினார்.

அது டிசம்பர். நான் பயணத்தை ஏப்ரலுக்குக் குறித்தேன். அப்போதுதான் புதர்கள் காய்ந்திருக்கும், விலங்குகள் தண்ணீர் தேடி வெளியே வரும், பார்ப்பது உறுதி என்று படித்திருந்தேன்.

"அவ்ளோ நாள் எதுக்குடா? சஃபாரியும் வேணாம், கவுண்டரும் வேணாம். அந்த ரோட்லயே ஒரு வாட்டி போயிட்டுத் திரும்பிடலாம். வண்டிய நிறுத்தக்கூட வேணாம்."

"அது காட்டுக்குள்ள போன மாதிரி ஆகாது மாமா. போறதுன்னா முறையாப் போவோம்."

"போறதுன்னா சீக்கிரம் போயிட்டு வாங்க" என்று டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார். அதையும் தேதியோடு எழுதி வைத்திருந்தேன், மருந்துகளுக்கான பக்கத்தில். பயணத்துக்கு வேறு பக்கம்.

மார்ச் முதல் வாரத்தில் மாமா இறந்துபோனார்.

இந்த வருடம் ஊட்டியில் உறவினர் கல்யாணத்துக்கு அக்காவைக் காரில் அழைத்துப் போனேன். காட்டுக்கு முந்தின ஊரான குண்டுலுப்பேட்டை வருவதற்குள் இரவுக்காகச் சாலையை மூடிவிட்டார்கள். அங்கேயே தங்கி, விடிந்ததும் கிளம்பினோம். காட்டுக்குள் ஒரு வளைவில் முன்னால் போன வண்டிகள் நின்றன. சாலையோரம் ஒரு யானை, காதை அசைத்தபடி மூங்கிலை ஒடித்துக்கொண்டிருந்தது. டிக்கெட் இல்லை, அடையாள அட்டை இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பழக்கம். ஏழு பத்து.

அக்கா ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கினாள். பிறகு கேட்டாள்: "இந்த ரோடுதானடா அவர் கேட்டது?"

"ஆமாக்கா."

முன்னால் நின்ற வண்டிகள் நகர, அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் அந்தப் பக்கத்தைத் திறந்து, மாமாவின் வரிக்கு எதிரே 7.10 என்று எழுதினேன். பிறகு என் வரிகளைப் படித்தேன். திட்டப்படி அந்த நேரத்தில் நாங்கள் மண்டியாவில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.