காதுக்குப் பின்னால் சீவாத இடம்

எங்கள் வீட்டுக்கு வந்த நாய்க்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று முதல் நாள் எனக்கே தெரியவில்லை. வால் ஆடிய பிறகுதான் தெரிந்தது. ஒரு சாண் உயரம்தான் இருக்கும். முடி தரையைப் பெருக்கிக்கொண்டு போகும். லாசா இனம் என்றார்கள். குமுளியில் நான் ஜீப் ஓட்டுகிற தங்கும் விடுதியின் முதலாளி குடும்பம் வெளிநாட்டுக்குக் கிளம்பியபோது, கூட்டிப்போக முடியாது என்று அதை என் மடியில் வைத்துவிட்டார்கள். கூடவே இரும்புப் பல் வைத்த ஒரு சீப்பு. "தினமும் சீவணும். விட்டா அதுக்கு வலிக்கும்" என்று முதலாளியம்மா சொன்னார். முடி சீவாவிட்டால் எப்படி வலிக்கும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு, சரிங்கம்மா என்றேன்.

பிள்ளைகளே, நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் எழுதுகிறேன், புத்தகத்தில் பார்த்ததை அல்ல. இதில் கொடுமை உண்டு. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

நாங்கள் இருப்பது சக்குபள்ளம் பக்கம், ஏலத்தோட்டத்தை ஒட்டிய லயத்து வீடு. ஒரே சுவர், இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். என் மனைவி குமுளிக் கடைகளுக்கு ஏலக்காய் பாக்கெட் போட்டுக் கொடுக்கிறாள். அதனால் வீடு முழுக்க ரப்பர் பேண்டு கிடக்கும், பச்சை, சிவப்பு, மஞ்சள். என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. நாய் வந்த நாளிலிருந்து அவளுக்கு அது பொம்மை, தங்கச்சி, பள்ளிக்கூடத்தில் பெருமை, எல்லாம். கண்ணை மறைக்கிற முடியைத் தூக்கி ரப்பர் போட்டுக் குடுமி கட்டுவாள். சில நாள் இரண்டு பக்கமும் இரட்டைக் குடுமி. படுக்கும்போது கழற்றிவிடு என்று அவள் அம்மா சொல்வாள். கழற்றுவாள்.

முதலில் எங்களுக்கு ரொம்ப ஆர்வம். ஞாயிற்றுக்கிழமை வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டுவோம். ஆனால் குளிப்பாட்டிவிட்டுச் சீவினோம். அது தவறு என்று யாரும் சொல்லவில்லை. சிக்கு இருக்கிற முடியில் தண்ணீர் பட்டால் அந்தச் சிக்கு இறுகிக் கல்லாகிவிடும். முதலில் சிக்கெடுத்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

பிறகு மழை வந்துவிட்டது. எங்கள் பக்கத்து மழையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணி காயாது, விறகு காயாது, நாய் மட்டும் எப்படிக் காயும்? குளிப்பாட்டுவதை நிறுத்தினோம். சீவுவதும் மேலோடு இரண்டு இழுப்பு. அப்படிச் சீவினால் மேலே பளபளவென்று இருக்கும். அடியில் முடி முடியோடு பின்னிக் கம்பளியாகிக் கிடக்கும். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

அந்த மழையில் ஒருநாள் நாய் தலையை ஆட்ட ஆரம்பித்தது. சாப்பிடும்போது ஆட்டும், படுத்துக்கொண்டு ஆட்டும். பக்கத்து வீட்டு மேஸ்திரி அண்ணன் வாசலில் நின்று பார்த்தார். பிறந்ததிலிருந்து ஏலக்காட்டில் இருக்கிறவர்.

"என்னப்பா, ஒன் வீட்டு மகாராணி சாமி வந்த மாதிரி தலைய ஆட்டுது?"

"நேத்துலருந்து இப்படித்தாண்ணே."

"காதுக்குள்ள அட்டை போயிருக்கு. பொகையிலயும் உப்பும் கரச்சு ஊத்து. தன்னால வந்து விழும்."

மழைக்காலத்தில் எங்களுக்கு எல்லாமே அட்டைதான். கால் அரித்தால் அட்டை, மாடு மிரண்டால் அட்டை. நாய் மூக்கில் ஏறின அட்டையை உப்புத் தண்ணீரில் எடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. என் மனைவி மட்டும் கேட்டாள்.

"கெட்ட வாடை வருதேண்ணே. அட்டைக்கு வாடை வருமா?"

"உள்ள செத்திருக்கும் தாயி. செத்தது நாறாம மல்லியப்பூவாட்டம் மணக்குமா?"

எல்லோரும் சிரித்தோம். அண்ணனே ஒரு டம்ளரில் கரைத்துக்கொண்டு வந்தார். நான் நான்கு காலையும் பிடித்தேன். மகள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்லடி, இப்ப சரியாயிரும்" என்று அதன் மூக்கில் தன் மூக்கை வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். அண்ணன் ஊற்றினார்.

நாய் குரைத்துக் கேட்டிருப்பீர்கள், ஊளையிட்டும் கேட்டிருப்பீர்கள். அது போட்ட சத்தம் இரண்டும் இல்லை. அப்படியே திரும்பி மகளின் கையைக் கவ்வியது. கவ்வினது விடவில்லை. நான் தாடையைப் பிரித்துத்தான் எடுத்தேன்.

சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கையை வெகுநேரம் கழுவினோம். பிறகு ஜீப்பில் அரசு ஆஸ்பத்திரி. அங்கே கடித்த இடத்தைச் சுற்றியே ஊசி போட்டார்கள். மகள் அழவில்லை. திரும்பும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்: "நான் அதுகிட்ட நல்லாத்தானப்பா பேசுனேன்?"

வீட்டுக்கு வந்தால் வாசலில் கூட்டம். மேஸ்திரி அண்ணன் கையில் மண்வெட்டிக் காம்பு.

"பேய் புடிச்ச நாயிப்பா அது. சோறு போட்ட கைய கடிச்சிருக்குன்னா வேற என்ன? வெறிநாயின்னு டிவியில தெனம் காட்டுறான். வெளிய விடு, ஒரே அடி, முடிஞ்சிரும்."

"டாக்டர் கட்டிப்போடச் சொல்லிருக்காருண்ணே. பத்து நாள் பாக்கணுமாம். அதுக்கு ஒண்ணும் ஆகலன்னா பயமில்லையாம்."

"எம் பேரன் இப்பத்தான் தவழுறான். அந்தப் பத்து நாள்ல அவனக் கடிச்சுதுன்னா டாக்டரா வந்து தூக்கிட்டுப் போவாரு?"

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அந்தக் குழந்தை எங்கள் வாசலில்தான் தவழும். ஆனால் நான் நாயைப் பார்த்தேன். அது கட்டிலுக்கடியில் இடது பக்கத் தலையைச் சுவரோடு ஒட்டிவைத்துக்கொண்டு நடுங்கியது. கடிக்கிற நாய் மாதிரி தெரியவில்லை. "பொழுது சாயறதுக்குள்ள அந்தக் காத நல்லாப் பாத்துட்டு வாரேண்ணே. அப்புறம் நீங்க சொல்றதக் கேக்குறேன்" என்றேன். "பாரு, பாரு. நாங்க இங்கயே நிக்குறோம்" என்றார். நின்றார்கள். நான் வெறும் கையோடு வெளியே வந்தால் நாய் உயிரோடு இருக்காது.

நாயைச் சாக்கில் சுற்றினோம். வாயைத் துணியால் கட்டி, முடிச்சு காதுப் பக்கம் போகாமல் கழுத்தடியில் போட்டேன். மனைவி மடியில் அமுக்கிப் பிடித்தாள். பாக்கெட் ஓரம் வெட்டுகிற அவளுடைய கத்தரிதான் ஆயுதம். முடிக்கடியில் தோல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால் சீப்பைத் தோலை ஒட்டி உள்ளே செருகி, சீப்புக்கு மேலே மட்டும் வெட்ட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். முடி முடியாக வரவில்லை. பழைய மிதியடி மாதிரி ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்தது.

அதற்கடியில் காது. காதின் அடியில் பச்சை ரப்பர் பேண்டு. வேலிக் கம்பியை மரத்தில் கட்டிவிட்டு மறந்தால் மரத்துக்குள் ஏறிவிடுமே, அப்படி ஏறியிருந்தது. அதற்கு மேலே காது கறுத்து, தொட்டால் ஜில்லென்று இருந்தது. அதற்குக் கீழே சீழ். உப்பும் புகையிலையும் போய் விழுந்தது அந்த இடத்தில்தான். என்றோ கழற்றாமல் விட்ட ஒரு பக்கக் குடுமியின் ரப்பர் காதையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. மேலே முடி மூடிவிட்டது. ஒரே ஒரு நாள் காதுக்குப் பின்னால் சீப்பு போயிருந்தால் தட்டியிருக்கும்.

கத்தரி நுனியால் தூக்கி வெட்டினேன். நாய் சாக்குக்குள்ளேயே மூத்திரம் விட்டது.

"அது என் பச்ச ரப்பரு" என்றாள் மகள். கதவோரம் கட்டுப் போட்ட கையோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று எங்களுக்குத் தெரியாது.

மனைவி குரலை இறக்கினாள். "அத அடுப்புல போடுங்க. ஏதோ முள்ளு குத்திருக்குன்னு சொல்லுங்க. நாளைக்கு இந்த லயத்துல புள்ள நடமாட வேணாமா?"

முள் எங்கே என்று கேட்பார்கள். காட்ட என் கையில் அந்த ரப்பர்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

"இதுதாண்ணே காத இறுக்கிப் புண்ணாக்கிருக்கு. புண்ணுல உப்புத் தண்ணி பட்டதும் வலி தாங்காமக் கடிச்சிருக்கு. பேயுமில்ல, அட்டையுமில்ல."

அண்ணன் ரப்பரை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "யாரு கட்டுனது?"

மகள் எனக்குப் பின்னால் நின்றாள். சட்டையைப் பிடித்திருந்தாள்.

"எம் மகதாண்ணே."

அண்ணன் ரப்பரை என் கையில் திருப்பி வைத்தார். பிறகு சிரித்தார். "அப்பச் சங்கிலிய நாயிக்கு எதுக்குப் போடுற? ஆளு மாறிப் போச்சே!" கூட்டம் முழுவதும் சிரித்தது. உயிரை எடுக்க வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். போகும்போது, "பத்து நாளும் உள்ளயே கெடக்கட்டும். வெளிய கண்டேன், அடிதான்" என்றார். தான் ஊற்றிய தண்ணீரைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை.

மறுநாள் கால்நடை மருத்துவர் காதில் கறுத்துப்போன பகுதியை எடுத்துவிட்டார். நாய்க்கு நோய் ஒன்றும் வரவில்லை. உயிர் தப்பியது.

மகளுக்குத்தான் பெயர் வந்தது. லயத்துப் பிள்ளைகள் அவளைக் கண்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். "காதறுத்தா வர்றா! காதறுத்தா வர்றா! பொத்துங்கடி!" பள்ளிக்கூட ஜீப்பிலும் அதே பாட்டு. அவள் பக்கத்தில் உட்காருகிற பிள்ளை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததாம். விளையாடப் போவதை விட்டாள். வீட்டிலும் நிம்மதி இல்லை. அவள் காலடிச் சத்தம் கேட்டால் நாய் கட்டிலுக்கடியில் போய்விடும். ஒரு பிஸ்கட்டை வைத்துக்கொண்டு தரையில் படுத்து வெகுநேரம் கூப்பிடுவாள். வராது. பிஸ்கட்டை அங்கேயே வைத்துவிட்டு அவள் எழுந்து போன பிறகு வந்து தின்னும்.

புண் ஆறியதும் மனைவி யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள். நான் மாட்டேன் என்றேன். இனி மகள்தான் சீவ வேண்டும் என்றும் சொன்னேன்.

"அது இவளக் கண்டா நடுங்குது. இவ அதக் கண்டா அழுவுறா. ரெண்டையும் ஏன் இப்படி வதைக்கிறீங்க?" என்றாள்.

"நாம சீவுனா மேலோடதான் சீவுவோம். இவ அடியோட சீவுவா" என்றேன்.

முதல் சில நாட்கள் நாயை நான் பிடித்துக்கொள்ள, அவள் அழுதுகொண்டே சீவினாள். நானும் கூடவே கற்றுக்கொண்டேன். முடியின் நுனியிலிருந்து தொடங்க வேண்டும், வேரிலிருந்து அல்ல. சிக்கு இருக்கிற இடத்தில் முடியின் அடியை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இழுப்பு தோலுக்குப் போகாது. முடியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, தோல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். காதுக்குப் பின்னால், அக்குளில், கால் விரல்களுக்கு நடுவில் விரலைவிட்டுத் தடவ வேண்டும். ரப்பர் எங்கள் நாய்க்கு இனி இல்லை. கண் மேல் முடியை வெட்டிவிடுகிறோம்.

இப்போது நான் பிடிக்க வேண்டியதில்லை. அவள் சீப்பை எடுத்தால் நாய் தானே வந்து நிற்கிறது. காது, வால், மீசை எதுவும் அசையாமல் நிற்கிறது. போன வாரம் மேஸ்திரி அண்ணன் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பாத்தியா, எம்புட்டுச் சாதுவாயிருச்சு! நல்லாப் பழக்கிட்ட புள்ள" என்றார்.

அது பயத்தில் நிற்கிறது என்று எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். மகள் நிமிரவில்லை. நாயின் தொண்டையில் உள்ளங்கையை வைத்து, உள்ளே ஓடுகிற நடுக்கம் அன்று எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அடுத்த பாத்தியைப் பிரித்தாள்.