பூஜையில் வைத்த ஹார்ட் டிஸ்க்

அழிந்துபோனதைத் திரும்ப எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மொபைல் கடைக்கும் பைக் மெக்கானிக் ஷெட்டுக்கும் நடுவில் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. பொம்பளைக்கு எதுக்கு ஸ்க்ரூ டிரைவர் என்று ஆரம்பத்தில் கிண்டல் செய்தவர்களே, பிறகு பேரன் போட்டோ போச்சு, காதுகுத்து வீடியோ போச்சு என்று ஹார்ட் டிஸ்க்கும் கையுமாக வந்து நின்றார்கள். எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அந்த நல்ல பெயரே ஒரு நாள் என் கழுத்தைப் பிடிக்கும் என்று நினைக்கவில்லை.

அன்று ஆயுத பூஜை. காலையில் கடையைக் கழுவிவிட்டுக் கொண்டிருந்தபோது பூ கொடுக்க வந்த அம்மாள் சொன்னாள், பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி விடியற்காலையில் வேறு சாதிப் பையனோடு போய்விட்டாளாம். யார் மகள் என்று சொன்னதும் தெரிந்துவிட்டது. காலேஜ் அப்ளிகேஷன் போட என் கடைக்கு வந்து போன பெண். வாசல் கேமராவின் பதிவை ஓட்டிப் பார்த்தேன். என் கடை ஷட்டர் ஓரமாகவே இரண்டு பேரும் பையோடு நின்றிருந்தார்கள். ஏறிய பஸ் தெரிந்தது, அதன் நெற்றியில் இருந்த ஊர்ப் பெயரும் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு பேருக்கும் கல்யாண வயது ஆகிவிட்டது, சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் சட்டம் பார்த்தா கோபம் வருகிறது? அகப்பட்டால் அந்தப் பையனை உயிரோடு விடமாட்டார்கள். அவளையும் விடுவார்கள் என்று சொல்ல முடியாது.

எப்படியும் இங்கே வருவார்கள், அதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பூஜை வேலையைப் பார்த்தேன். வாழையிலையில் ஸ்க்ரூ டிரைவர், கொறடு, சுத்தியல் எல்லாம் அடுக்கினேன். கம்ப்யூட்டர்களுக்கும் கேமரா பதிவாகும் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூ வைத்தேன். கற்பூரம் அணைவதற்குள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் அந்தப் பெண்ணின் பெரியப்பா. அவர் பேச்சுக்கு அந்த ஊரில் மறுபேச்சு கிடையாது. பின்னால் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றவர் பெண்ணின் அப்பா.

"விடியக்கால கேமராவுல ஓடுனத காட்டும்மா" என்றார் பெரியப்பா.

"அது அழிஞ்சு போச்சுங்க."

"அழிஞ்சா என்ன? எம் மவ கல்யாண வீடியோ அழிஞ்சப்ப நீதான எடுத்துக் குடுத்த. அதே மாதிரி இதையும் எடு."

அவர் பெட்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஈரம் காயாத குங்குமம் கண்ணில் பட்டது.

"பூஜையில வெச்சாச்சுங்களே. இனிமே நாளைக்குக் காலையில மறுபூஜ போட்டுத்தான் தொட முடியும்."

அவர் வீட்டு டிராக்டரும் அந்நேரம் மாலை போட்டு நின்றிருக்கும். ஒரு பையனின் கையைக் காலை முறிக்கக் கொஞ்சமும் தயங்காத மனுஷன், பொட்டு வைத்த பெட்டியைத் தொடத் தயங்கினார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனால் அந்தத் தயக்கம்தான் அப்போது எங்களைக் காப்பாற்றியது.

"செரி. காலையில வரோம். அதுவரைக்கும் இவன் இங்கயே இருக்கட்டும்" என்று தம்பியை எதிர் டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போனார்.

விளக்கு எரிகிறது, விட்டுவிட்டுப் போக முடியாது என்று டீக்கடைக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன். பதிவை அழித்தால் போதாது என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? கம்ப்யூட்டரில் அழிப்பது என்பது வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைக் கழற்றுவது மாதிரி. ஆள் வீட்டுக்குள்ளேயேதான் இருப்பார். ஃபார்மேட் செய்தாலும் தர்மபுரியிலோ பெங்களூரிலோ ஒரு கெட்டிக்காரன் எடுத்துவிடுவான். மேலே வேறு பதிவுகளை எழுதி நிரப்பினால் பழையது போய்விடும்தான். அதற்கு விடிய விடிய ஓட வேண்டும், நடுவில் கரண்டு போனால் கதை முடிந்தது. ஹார்ட் டிஸ்க்குக்குள் இருக்கும் தட்டுகளையே சிதைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பூஜையில் வைத்த சாமானை அதுவரை நான் தொட்டதில்லை. சாமி கோபித்துக்கொண்டால் அப்புறம் சமாதானம் பேசிக்கொள்ளலாம் என்று இலையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பெட்டியிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதன் மூடியைத் திறந்தேன். பளபளவென்று இரண்டு தட்டுகள். தூசி பட்டாலே போச்சு என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிற பொருளை உப்புத்தாளால் பரபரவென்று தேய்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. தேய்த்த பிறகும் மனசு ஆறவில்லை. அலுமினியத் தட்டு, அடித்தால் நெளியும். ஆனால் சத்தம் கேட்குமே.

பக்கத்து மெக்கானிக் ஷெட்டில் பூஜை முடிந்து சரவெடி கொளுத்தினார்கள். வெடி வெடிக்க வெடிக்க நானும் சுத்தியலால் அடித்தேன். முதல் தட்டு அப்பளம் மாதிரி நெளிந்தது. இரண்டாவதை வைத்து ஓங்கி அடித்தபோது சரவெடி நின்றுபோயிருந்தது. என் அடி மட்டும் தனியாகக் கேட்டது.

ஷட்டருக்கு அடியில் குனிந்து பெண்ணின் அப்பா உள்ளே வந்தார். கீழே கிடந்ததைப் பார்த்தார், என் கையில் இருந்த சுத்தியலைப் பார்த்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"இதுலதான் அந்தப் படம் இருந்துச்சா?"

"ஆமாங்க."

"யாராச்சும் திரும்ப எடுக்க முடியுமா? மெட்ராஸுக்குக் கொண்டு போனாக்கூட?"

"முடியாதுங்க."

குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு தட்டுகளையும் பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டு வெளியே போய்விட்டார். அண்ணனிடம் காட்டத்தான் எடுத்துப் போகிறார் என்று நினைத்தேன். பழைய சாமான் பெட்டியிலிருந்து செத்த ஹார்ட் டிஸ்க் ஒன்றை எடுத்துக் கேமரா பெட்டிக்குள் மாட்டி, மறுபடி சந்தனம் குங்குமம் வைத்து, பூவைச் சரிசெய்தேன். அன்று வீட்டில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன்.

காலையில் மறுபூஜை போட்டு முடிப்பதற்குள் அண்ணனும் தம்பியும் வந்துவிட்டார்கள். பெட்டியை ஓடவிட்டேன். ஒன்றும் வரவில்லை.

"நேத்து இதுல கை வெச்சியா?" என்றார் பெரியப்பா. குரல் மாறியிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாக்காரர் சொன்னார்: "வெக்கலண்ணா. நான் எதுத்தாப்புலதான இருந்தேன். வெச்ச பொட்டு வெச்சபடி இருக்குது, பாரு."

பெரியப்பா பொட்டைப் பார்த்தார். அவரால் அதைச் சந்தேகப்பட முடியவில்லை. தர்மபுரியில் வேறு ஆளிடம் காட்டிக்கொள்கிறேன் என்று செத்த டிஸ்க்கைக் கழற்றி வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வண்டிக்குப் போனார்.

தம்பி மட்டும் பின்தங்கினார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் இலையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஒடைக்கறதுக்கு முன்னால எனக்கு மட்டும் ஒரு வாட்டி காட்டியிருக்கலாமேம்மா. எங்கிருந்தாலும் இனிமே நான் போய்ப் பாக்க முடியாது."

எனக்குச் சுருக்கென்றது. அவரையும் அவர் அண்ணனையும் ஒரே கணக்கில்தான் வைத்திருந்தேன். அவரும் ஒரு பெண்ணைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

"தீவாளிக்கின்னு பச்சக் கலர்ல சுடிதார் எடுத்து வெச்சிருந்தேன். அத வூட்ல காணோம். அதயா போட்டிருந்துச்சு?"

வெளிச்சம் இல்லாத நேரத்தில் என் கேமராவில் நிறம் தெரியாது. எல்லாமே சாம்பலாகத்தான் தெரியும்.

"ஆமாங்க. பச்சைதான்" என்றேன்.

"நல்லாருந்துச்சா அதுக்கு?"

"ரொம்ப நல்லாருந்துச்சுங்க."