சாரி கார்டைக் கழற்றினேன்

என் பைக்கின் இரண்டு பக்கமும் தோல் பை மாட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கடையில் விடாமல், வீடியோ பார்த்து நானே மாட்டினேன். இடது பக்கப் பைக்குச் சாரி கார்டு இடைஞ்சலாக இருந்தது. பின்சக்கரத்தில் புடவை சிக்காமல் தடுக்கும் கம்பிதான் அது. நான் பேண்ட் போடுகிறவள், எனக்கு எதற்கு என்று கழற்றிவிட்டேன்.

மறுநாள் தாம்பரத்திலிருந்து வண்டலூருக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அம்மா வழக்கம்போல ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஜிஎஸ்டி சாலையில் ஓர் ஆட்டோ பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. வழி விட்டேன், முந்தவில்லை. பெண் பைக் ஓட்டினால் சீண்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேகத்தைக் கூட்டினேன். ஆட்டோ விரட்டி வந்து குறுக்கே மறித்தது.

"பொண்ணு வண்டி ஓட்டினா பொறுக்காதா சார்?" என்றேன்.

"சண்ட அப்பால போடலாம்மா. மொதல்ல அம்மா பொடவையப் பாரு," என்றார் ஆட்டோக்காரர்.

முந்தானை தோல் பைக்கு அடியில் இறங்கி, சக்கரத்தில் உரசி நூல் நூலாகக் கிழிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் அம்மாவைச் சாலையில் இழுத்துப் போட்டிருக்கும்.

"ஏம்மா சொல்லல?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"இழுக்குற மாதிரிதான் இருந்துச்சு. நீ படிச்ச பொண்ணு, பாத்துதான் மாட்டியிருப்பேன்னு பேசாம வந்தேன்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தவள் என்று யார் சொன்னாலும் நிமிர்ந்து நிற்பேன். அன்று அம்மா சொன்னபோது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.