புல்லுக்கடியில் பாத்திகள்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், ஒரு மலைச்சரிவில் நானும் மனைவியும் நடந்துகொண்டிருந்தோம். கூரையில்லாத கல்வீடுகள் வரிசையாக நின்றன, போரில் குண்டு விழுந்து நாங்கள் விட்டுவந்த ஊரைப்போல.

"இஞ்சயும் செல்லடி நடந்திருக்குமோ?" என்றேன்.

"இடிஞ்ச வீட்டைக் கண்டா உங்களுக்கு உந்த நினைப்புத்தான்," என்றாள்.

நாயோடு வந்த ஊர்ப்பெண் ஒருத்தியிடம் கேட்டேன்.

"சண்டையில்லை, பஞ்சம்," என்று சரிவைக் காட்டினாள். சாய்ந்த வெயிலில், புல்லுக்கடியிலிருந்து உருளைக்கிழங்குப் பாத்திகள் வரிவரியாக எழுந்தன. நூற்றைம்பது வருடங்களுக்கும் முன்பு கிழங்கு அழுகிய அந்தக் காலத்துக்குப் பிறகு அங்கே யாரும் மண் கொத்தவில்லையாம்.

"தப்பியவர்கள் கப்பலேறினார்கள். நீங்கள் எந்த ஊர்?"

"ரொறன்ரோ."

"அங்கேயும்தான் போனார்கள்."

அந்த நகரத்துக்கு முதலில் வந்த அகதிகள் நாங்கள்தான் என்பதுபோலப் பேசித் திரிந்தவன் நான். இப்போதெல்லாம் ரொறன்ரோ ஏரிக்கரையில் கொஞ்சம் ஒதுங்கியே நடக்கிறேன், எனக்கு முன்னால் வந்திறங்கியவர்களுக்கு வழி விடுவதுபோல.