குழலுக்கும் மூடிக்கும் இடையே

மாரெட்பள்ளியில் வெங்கடகிருஷ்ணனின் வீட்டைத் தேடி வருபவர்கள் "டேங்க் சார் வீடு" என்று கேட்டால் போதும். விவரம் அறியாத ஒருவர், அவர் தண்ணீர்த் தொட்டி கட்டுபவர் என்று எண்ணிக்கொண்டு, எத்தனை லிட்டர் வரைக்கும் செய்வீர்கள் என்று விசாரித்ததும் உண்டு. அவர் முகம் மாறாமல், "நம்மளோடது தண்ணி பிடிக்காது. பாட்டரியைத்தான் குடிக்கும்" என்றார்.

அவர் செய்தவை போர்முனை டாங்கிகளின் மாதிரிகள். கும்பகோணத்தில் பிறந்து, மின்பொறியியலில் பட்டயம் பெற்று, அறுபதுகளின் தொடக்கத்தில் ஐதராபாத்துக்கு வந்தவர். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில், கருவிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் பிரிவில் வேலை. அளவில் இம்மி பிசகினாலும் கையெழுத்திட மாட்டார் என்று பெயர் எடுத்திருந்தார். திருமலகிரிச் சாலையில் ராணுவ வண்டிகள் போவதை நின்று பார்க்கும் பழக்கம், மெல்ல அவற்றைச் செய்து பார்க்கும் பழக்கமாயிற்று.

உடலுக்கு அலுமினியத் தகடு. சக்கரங்களைச் சுற்றும் பட்டைக்குச் சைக்கிள் சங்கிலி. ஓட்டத்துக்குக் கார் வைப்பர் மோட்டார் இரண்டு, ராணிகஞ்ச் பழைய சாமான் கடைகளில் தேடி எடுத்தவை. வானொலி அலையால் இயக்கும் கருவியைத் தாமே அமைத்தார். மஞ்சளில் கறுப்பைத் துளித் துளியாகக் கலந்து ராணுவப் பச்சையைக் கொண்டுவருவார். பூசி உலர்ந்த பிறகு, நீர்த்த செம்மண் நிறத்தைத் துணியால் ஒற்றிப் புழுதி படிந்ததுபோல் ஆக்குவார். ஞாயிறு காலையில் மைதானத்தில் வண்டியை ஓட்டும்போது, அருகில் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் ஏதேனும் சென்றால் அதன் மின்பொறி அலையில் குறுக்கிடும். டாங்கி கட்டளை இல்லாமலே ஒரு பக்கம் திரும்பும். ஸ்கூட்டருக்குச் சல்யூட் வைக்கிறது என்று பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

அந்த மைதானத்தில்தான் 1974இல் லலிதாம்பாள் அவரைச் சந்தித்தார். கணவர் துரைராஜ் ரயில்வே பட்டறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; மல்காஜ்கிரியில் வீடு. அவர்களுடைய ஒரே மகன் ஜெகநாதன் ராணுவத்தில் டாங்கி ஓட்டுநராக இருந்து, 1971 டிசம்பர்ப் போரில் இறந்தான். அவனோடு அதே வண்டியில் இருந்த வீரர் ஒருவர் பின்னர் வீடு தேடி வந்து நடந்ததைச் சொன்னார். குண்டு பட்டபோது டாங்கியின் பீரங்கிக் குழல் சற்றே வலப்புறம் திரும்பி நின்றது, வண்டி தீப்பிடித்தது, மேலே இருந்தவர்கள் குதித்துவிட்டார்கள், முன்புறத்தில் தனி மூடியின் கீழ் அமர்ந்திருந்த ஜெகநாதன் வெளியே வரவில்லை. ஏன் வரவில்லை என்பது அவருக்கும் தெரியவில்லை.

அன்று துக்கத்துக்கு வந்திருந்த லலிதாம்பாளின் பெரியப்பா மகன் ரகுநாதன், பக்கத்திலிருந்தவரிடம் தாழ்ந்த குரலில், மற்றவர்கள் குதித்திருக்க இவன் மட்டும் பயத்தில் உறைந்து உட்கார்ந்துவிட்டான் போலும் என்று சொன்னார். லலிதாம்பாளின் காதில் அது விழுந்தது. கணவரிடம்கூட அதை அவர் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளாக அந்தச் சொல்லோடு இருந்தார்.

வீரர் சொன்னதை எல்லாம் கூறி, வெங்கடகிருஷ்ணனிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: மகனுடைய வண்டியைச் செய்து தர முடியுமா, அதன் மூடி திறக்குமா என்று பார்க்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்டார்.

வரைபடம் ஏதும் கிடைக்கவில்லை. இருந்தது ஒரு புகைப்படம். ஜெகநாதன் டாங்கியை ஒட்டி விறைப்பாக நிற்கிறான். அவன் உயரம் என்ன என்று வெங்கடகிருஷ்ணன் கேட்டார். தாய் யோசிக்குமுன் தந்தை சொன்னார்: "அஞ்சடி ஏழங்குலம். செலக்சன்ல அளந்தப்ப நான் வெளிய நின்னுட்டிருந்தேன்."

அந்த உயரத்தைக் கொண்டே படத்திலுள்ள சக்கரத்தையும் தகட்டையும் குழலையும் மூடியையும் அவர் கணக்கிட்டார். அந்த வண்டியில் ஜெகநாதனைக் கொண்டு அளக்கப்படாத பாகம் ஒன்றும் இல்லை.

மாதங்கள் சென்று வேலை முடிந்தது. ஓட்டுநரின் மூடி முதலில் சற்று மேலெழ வேண்டும். பிறகே பக்கவாட்டில் விலகும். குழல் நேராக நின்றபோது அது தடையின்றித் திறந்தது. வீரர் சொன்னபடி குழலைத் தாங்கும் மேற்கூட்டைச் சற்றே வலப்புறம் திருப்பி, வெங்கடகிருஷ்ணன் மீண்டும் இயக்கினார். மூடி எழுந்து குழலின் அடியில் முட்டி நின்றது. தம் வேலையில்தான் தவறு என்று எண்ணி எல்லாவற்றையும் மறுபடி அளந்தார். தவறு இல்லை. குழலைத் திருப்ப உள்ளிருக்கும் ஓட்டுநரால் இயலாது என்பதும் அவருக்குத் தெரியும்.

இதை அந்தத் தாயிடம் எப்படிக் காட்டுவது என்று சில நாட்கள் யோசித்தார். பிறகு மேற்கூட்டைக் கழற்றி, அதன் அடியில் ஒரு பித்தளை வாஷரை வைத்தார். குழல் மயிரிழை உயர்ந்தது, மூடி திறந்தது. எதற்காக மறுபடியும் கழற்றுகிறீர்கள் என்று மனைவி ஜலஜா கேட்டதற்கு, கொஞ்சம் சரிசெய்கிறேன் என்றார்.

"சரியாத்தானே இருந்தது?" என்றாள் ஜலஜா.

மல்காஜ்கிரி வீட்டு முற்றத்தில் டாங்கி ஓடியது. லலிதாம்பாள் குழலை வலப்புறம் திருப்பச் சொன்னார்; பிறகு மூடியைத் திறக்கச் சொன்னார். மூடி எழுந்தது, விலகியது. அவர் வெகுநேரம் அதையே பார்த்தார்.

"தொறக்குது."

"ஆமாம்மா. ஒரு தடையும் இல்லை" என்றார் வெங்கடகிருஷ்ணன், ஆறுதலாக.

"அப்ப ஏன் சார் அவன் வரல?" அவர் குரல் உயரவில்லை. "ரகுண்ணன் சொன்னாரு, பயந்து உக்காந்துட்டான்னு. அது நெசந்தானா?"

துரைராஜ் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார். அந்தச் சொல்லை அவரும் அன்றுதான் கேட்டார். இத்தனை நாளும் அந்தத் தாய் எதற்கு அஞ்சியிருந்தார் என்பது வெங்கடகிருஷ்ணனுக்கு அப்போது புரிந்தது. அவர் தரையில் அமர்ந்து, மேற்கூட்டைத் தூக்கி, வாஷரை எடுத்து லலிதாம்பாளின் உள்ளங்கையில் வைத்தார்.

"அம்மா, நான் அளவை மாத்திட்டேன். உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு. இது இல்லாம இப்பப் பாருங்கோ."

மூடி எழுந்தது, குழலில் 'டக்' என்று முட்டி நின்றது.

"இன்னொரு தடவ."

மீண்டும் அதே ஓசை.

"நக்கோ, வேணாம் லலிதா, போதும்" என்றார் துரைராஜ், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"போதாது. இன்னொரு தடவ, சார்."

மூன்றாம் முறை மூடி முட்டி நின்றபோது, அந்த இடைவெளியில் லலிதாம்பாள் தம் விரல் நுனியை வைத்தார். நகத்துக்கு மேல் நுழையவில்லை. "தள்ளிப் பாத்திருக்கான்," என்றார் கணவரிடம். "எம்புள்ள தள்ளிப் பாத்திருக்கான்." அதன் பிறகுதான் அவர் அழுதார்.

அந்த டாங்கி அவர்கள் வீட்டுக் கூடத்தில், குழல் சற்றே வலப்புறம் திரும்பிய நிலையிலேயே இருந்தது. தீபாவளிக்கு வந்த ரகுநாதனிடம் லலிதாம்பாள் ஒன்றும் விளக்கவில்லை. "அந்த மூடியத் தொறங்க, அண்ணே" என்று மட்டும் சொன்னார். அவர் முயன்றார், வரவில்லையே என்றார். "அவனுக்கும் வரல" என்று சொல்லிவிட்டு லலிதாம்பாள் காப்பி கொண்டுவர உள்ளே போனார். ரகுநாதன் மேலும் ஒருமுறை முயன்றுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

வெங்கடகிருஷ்ணன் 1988இல் ஓய்வு பெறும்வரை ஆண்டுக்கொரு முறை அங்கே சென்று, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, வெளிறிய பச்சைக்கு வண்ணம் புதுப்பித்துவந்தார். பலர் திறக்க முயன்றதில் குழலின் அடியில், மூடி முட்டும் இடத்தில், வண்ணம் உதிர்ந்து அலுமினியம் தெரிந்தது. மற்ற எல்லா இடத்தையும் பூசுவார். அந்த இடத்தில் மட்டும் தூரிகையை வைக்கவில்லை.